இடது பக்கம் அரை இஞ்சு

தன் மனைவிக்குச் சட்டை தைத்துத் தர முடியாது என்று டெய்லர் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்த நேரம் அவர் யாரோ ஒரு தடித்த மனிதரின் கால்சட்டைக்கு இடுப்புப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தாமலே சொன்னார். நிறுத்தினால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், துணி வெட்டுகிற நீள மேசை, மூலையில் இஸ்திரிப் பெட்டி. முன்னறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவுநிலையில் அவள் தலையைத் துவட்டியபடி நின்றாள். கீமோவில் கொட்டிப்போன முடி இப்போதுதான் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது; அதைத் துவட்ட ஒரு நிமிஷம்கூடப் பிடிக்காது, ஆனாலும் பழைய பழக்கத்தில் கை அந்தத் துண்டை விடுவதில்லை. மற்றொரு கையில் நீல நிறச் சீருடைத் துணி.

"அடுத்த திங்கக்கிழமை வேலையில சேரணும். ரெண்டு சட்டை போதும். உள்ளே பஞ்சு வைக்க ஒரு பை மாதிரி தைக்கணும்னு சிஸ்டர் சொன்னாங்க. இன்னைக்கே அளவு எடுத்துடறீங்களா?"

"மூணாவது தெருவுல ஒரு அம்மா தைக்கிறாங்கல்ல, அவங்ககிட்ட கொடுத்துடலாம்."

"ஏன்?"

"பொம்பளை கைன்னா உனக்குக் கூச்சம் இருக்காது."

"இருபத்திரண்டு வருஷமா உங்க கையிலதான் அளவு கொடுத்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு என்ன புதுசாக் கூச்சம்?"

"எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு," என்று சொல்லிவிட்டு டெய்லர் பெடலை இன்னும் வேகமாக மிதித்தார். மெஷின் போட்ட சத்தத்தில் அவள் அடுத்துச் சொன்னது எதுவாக இருந்தாலும் கேட்டிருக்காது.  துணியை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் துளைக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த காஜா அக்காவால் அதைப் பொறுக்க முடியவில்லை. பதினைந்து வருஷமாக அந்தக் கடையில் காஜா எடுக்கிறவர். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத்தான் எதையும் பேசுவார்.

"ஊர்ல இருக்கிற அத்தனை பேர் உடம்புக்கும் தைக்கிறீங்க மாஸ்டர். கட்டின பொண்டாட்டி கேட்டா தலைக்கு மேல வேலையா? எந்தத் தலை மேல? இருக்கிற இந்த வழுக்கை மேலயா?"

"அக்கா, காஜாவைப் பாருங்க."

"காஜாவைத்தான் பார்க்கிறேன். அதுலயே ஒரு ஓட்டை தெரியுது," என்றார் அக்கா.

அந்தத் தெருவில் டெய்லரின் மனைவிக்குத் தபாலம்மா என்று பெயர். தபாலாபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. சுவர் உயரத்துக்கு அறை அறையாக மர அலமாரி இருக்கும். நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் அதனதன் அறையில் செருக வேண்டும். அவள் இடது கைக்காரி. ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவையாவது இடது கை தலைக்கு மேலே போய் வரும். யாருடைய கையெழுத்து கோழி கிளறியது, எந்த வீட்டுக்கு எந்த மாசம் யார் கடிதம் போடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவளும் வேறு ஊருக்குப் போன பிறகு, வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு வருஷம் ஆகிறது. இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள், அக்குளிலிருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து. பிறகு கீமோ, பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு. அந்த ஒரு வருஷமும் டெய்லர் பார்த்துக்கொண்டதைப் பார்த்துத் தெருவே மூக்கில் விரல் வைத்தது. கஞ்சி காய்ச்சுவார், ஆற்றுவார், கரண்டியில் எடுத்து ஊட்டவே போவார். காலை மாத்திரை, மதிய மாத்திரை எல்லாவற்றையும் பொத்தான் போட்டு வைக்கிற சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்தார். வாந்தி எடுத்தால் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து, கை ஈரம் காயுமுன் மெஷினில் உட்காருவார். கையைத் தூக்கிப் பழகுவதற்காகச் சுவரில் விரலால் நடக்கச் சொல்லியிருந்தார்கள். தையல் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு, நேற்று இதுவரை, இன்று இதுவரை என்று அடையாளம் வைத்தார். அவள் ஒரு தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால்கூட ஓடி வந்து வாங்கிக்கொள்வார்.

"நான் என்ன கண்ணாடிச் சாமானா? உடைஞ்சு போயிட மாட்டேன்," என்று ஒரு நாள் எரிந்து விழுந்தாள்.

"சரி சரி," என்று சொல்லிவிட்டுச் செம்பை வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு செய்த மனிதர், ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து அவளைத் தொடுவதில்லை. கை நீட்டிப் படுக்க உனக்கு இடம் வேண்டும் என்று சொல்லித் தன் பாயைக் கடைக்குக் கொண்டுவந்து, வெட்டுகிற மேசைக்கு அடியில் விரித்துக்கொண்டார். அவள் துணி மாற்றும்போது அந்தப் பக்கம் திரும்புவதில்லை. புண்ணின் நீர் வடியப் பாட்டிலும் குழாயும் தொங்கிய நாட்களில் நர்ஸ் வந்து கட்டு மாற்றுகையில், மனிதர் வெளியே போய்விடுவார். தபாலம்மா என்ன நினைத்திருப்பாள் என்று யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆம்பளைக்கு அருவருப்பு வந்துவிட்டது, கடமைக்குச் செய்கிறார் என்று நினைத்தாள். அப்படி நினைக்காமல் வேறு எப்படி நினைப்பாள்?

உண்மை அதுவல்ல. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; டெய்லருக்கு நெஞ்சு மட்டுமல்ல, பத்து விரலும் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

நோய் இன்னதென்று தெரிவதற்கு எட்டு மாசம் முன்னால், ஒரு சாயங்காலம் அவள் சீருடைச் சட்டையோடு வந்து நின்றாள். இடது பக்கம் கைக்குழி பிடிக்கிறது, கை தூக்கினால் இழுக்கிறது என்றாள். அவர் பக்கத் தையலைப் பிரித்து உள்ளே விட்டிருந்த துணியில் அரை இஞ்சு எடுத்துவிட்டார். ஐந்து நிமிஷ வேலை. மூன்று மாசம் கழித்து மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். வைத்த இடமே தெரியாதபடி அத்தனை நேர்த்தியாக. மூன்றாவது தடவை, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கடை முழுக்கப் பிள்ளைகளின் சீருடை மலையாகக் குவிந்து கிடந்தது. புதுச் சட்டையே வெட்டிவிடலாம் என்று டேப்பை எடுத்து அவள் கைக்குழியைச் சுற்றினார். அப்போது அவருடைய நடுவிரலின் நுனியில் ஏதோ தட்டியது. ஒரு சின்னக் கோலிக்குண்டு அளவு. உள்ளாடையின் மடிப்பாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்தாரா, நினைத்துக்கொண்டாரா என்று இன்றைக்குக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. "கையை இறக்கு" என்றார். பதினேழே கால் என்று எழுதிக்கொண்டார்.

அன்றைக்குக் காஜா அக்காவிடம் பீற்றிக்கொண்டது வேறு. "மனுஷ உடம்புல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கவே இருக்காதுக்கா. கொத்தனாருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். வாத்தியாருக்கு எழுதுற கை பக்கம் ஏறியிருக்கும். இவ இடது கைக்காரி, நாள் பூரா கையைத் தூக்குற வேலை. இடது பக்கம் பருக்கத்தான் செய்யும். இதெல்லாம் புரிஞ்சு வெட்டுறவன்தான் டெய்லர்."

முப்பது வருஷத் தொழில் ஞானம். உடம்பு எப்படி மாறினாலும் துணியை அதற்குத் தக்கபடி மாற்றிவிட்டால் போதும் என்று சொல்லிக் கொடுத்த ஞானம். ஏன் மாறுகிறது என்று கேட்பது தையற்காரன் வேலையில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடது கையைச் சிரமமில்லாமல் தூக்கி, அவள் இன்னும் இரண்டரை மாசம் கடிதம் பிரித்தாள். கை வீங்கின பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் இவ்வளவு எடுக்க வேண்டியிருந்திருக்காது என்று டாக்டர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. டெய்லர் அந்த வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

இதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்ல ஓர் இடமும் கிடைத்தது. கரண்ட் வைக்கிற நாட்களில், நோயாளிகளைக் கூட்டி வருகிறவர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். வட்டமாக நாற்காலிகள், டீ, பிஸ்கட். ஒரு நர்ஸம்மா நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் பேச விடுவார். டெய்லர் டீக்காகப் போனார். பஸ் ஓட்டுகிற ஒருவர், சாப்பிட மாட்டேன் என்ற அம்மாமேல் கை ஓங்கிவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண், அப்பா செத்துப் போனால் பரவாயில்லை என்று ஒரு நாள் தோன்றியது, அதிலிருந்து தூக்கம் வரவில்லை என்றது. டெய்லருக்கு உட்கார்ந்த இடம் முள்ளாகிப் போயிற்று. ஜன்னல் திரையின் அடிமடிப்பு பிரிந்து தொங்கியதைப் பார்த்தார். சட்டைப் பையில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்கும். எழுந்து போய் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தத் திரையை முழுக்கத் தைத்து முடித்தார். முக்கால் மணி நேரம்.

எல்லோரும் போன பிறகு நர்ஸம்மா திரையைத் தடவிப் பார்த்தார்.

"அருமையாத் தைச்சிருக்கீங்க சார். திரை சரியாயிடுச்சு. நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன சிஸ்டர். நான் நல்லாத்தான் இருக்கேன். அவளுக்குத்தானே நோவு."

"இந்த ரூமுக்கு வர்ற எல்லாரும் முதல் நாள் அதைத்தான் சொல்றாங்க. ரெண்டாவது நாள் வேற சொல்வாங்க. வாங்க."

டெய்லர் இரண்டாவது நாள் போகவில்லை. வெளியே மரத்தடியில் நின்று கரண்ட் முடியும்வரை மழையை வேடிக்கை பார்த்தார்.

அவள் சட்டை கேட்ட செவ்வாய்க்கிழமை ஆரம்பித்த மழை அந்த வாரம் முழுக்க விடவில்லை. தைத்த துணியெல்லாம் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஆவி விட்டது. நீலத் துணி மேசை ஓரத்திலேயே கிடந்தது. வெட்டும்போது கைக்கு இடைஞ்சலாக வந்தால் டெய்லர் அதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவார், அவ்வளவுதான். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் தபாலம்மா வந்து அந்தத் துணியைப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டில் பேச்சும் நின்றுபோயிற்று. கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் குடிப்பாள், பாத்திரத்தைத் தானே கழுவிக் கவிழ்ப்பாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"மூணாவது தெரு அம்மாகிட்டயே போறேன். பழைய அளவு எழுதி எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க," என்றபடி அலமாரியிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள்.

டெய்லரின் கத்தரி பாதித் துணியில் நின்றது. "நான் எழுதித் தரேன், வை," என்றார்.

அதற்குள் அவள் திறந்துவிட்டாள். தேட வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு தடவை புது நோட்டு வாங்கும்போதும் முதல் பக்கத்தில் அவள் அளவைத்தான் டெய்லர் எழுதுவார். அவளிடமிருந்து ஆரம்பித்தால் அந்த நோட்டு முடிகிறவரை ஒரு துணியும் கெடாது என்பது அவருடைய நம்பிக்கை. கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். இப்போது நோட்டைத் திறந்ததும் இரண்டாவது பக்கத்து ஆள்தான் வந்தார். முதல் பக்கம் இல்லை.

"என் பக்கம் எங்க?"

டெய்லர் வெட்டின துணியின் ஓரத்தை நீவினார்.

"எலி ஏதாச்சும் இழுத்திருக்கும் தங்கச்சி," என்றார் காஜா அக்கா. மழைக்காலத்துல அதுங்க தொல்லை தாங்கலை என்றும் சேர்த்துக்கொண்டார்.

"எலி ஸ்கேல் வெச்சுக் கிழிக்குமாக்கா?" தபாலம்மா நோட்டின் உள்விளிம்பைக் காட்டினாள். நேர்க்கோடாகக் கிழித்திருந்தது. கோணலாகக் கிழிக்கக்கூட டெய்லருக்கு வராது.

காஜா அக்கா எழுந்தார். "நான் போய் டீ வாங்கியாறேன்."

"பிளாஸ்க்குல டீ இருக்கே அக்கா," என்றார் டெய்லர். அந்த நேரத்தில் அக்கா போகக் கூடாது என்று அவருக்கு இருந்தது.

"அது ஆறிப் போச்சு," என்று சொல்லிவிட்டு, தபாலம்மா கையிலிருந்த குடையையே வாங்கிக்கொண்டு அக்கா வெளியேறினார்.

 தபாலம்மா நோட்டை மூடி மேசைமேல் வைத்தாள்.

"இனிமே இவளுக்கு எதுக்கு அளவுன்னு கிழிச்சிட்டீங்களா? பாதி ஆளுக்கு எதுக்கு முழுப் பக்கம்னு?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்றது? ஒரு வருஷமா மேசைக்கு அடியில படுக்கிறீங்க. என் பக்கம் திரும்புறதில்ல. சட்டை கேட்டா இன்னொருத்தர்கிட்ட போன்னு சொல்றீங்க. இப்ப அளவையும் கிழிச்சாச்சு. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடுங்க. கஞ்சி ஊத்திக் கொல்லாதீங்க."

டெய்லர் கத்தரியைக் கீழே வைத்தார். 

"பதினாறு," என்றார். "முதல்ல உன் இடது கைக்குழி பதினாறு. வலது பக்கமும் பதினாறுதான். அப்புறம் இடது பக்கம் மட்டும் பதினாறரை. அப்புறம் பதினாறே முக்கால். கடைசியா பதினேழே கால். நாலும் ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா அந்தப் பக்கத்துல எழுதியிருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு. பெரிய டாக்டர் எழுதுற மாதிரி எழுதியிருந்தேன். எட்டு மாசம் அது என் கண்ணு முன்னாடியே வளர்ந்துச்சு. நான் சட்டையைப் பெருசு பண்ணிக்கிட்டே இருந்தேன்."

அவள் மூடி வைத்த நோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணாவது தடவை என் விரல்ல தட்டுச்சு," என்றார் அவர். "இந்த விரல்ல. தெரிஞ்சுது எனக்கு. ஏதோ மடிப்புன்னு விட்டுட்டேன். கடையில கூட்டம். ஒரு வார்த்தை, இது என்னடின்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா உனக்கு இவ்வளவு எடுத்திருக்க மாட்டாங்க. டாக்டர் சொன்னார் இல்ல. அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியலை. கிழிச்சு அடுப்புல போட்டேன். போட்டும் ஒண்ணும் ஆகலை, நாலு நம்பரும் மண்டையில அப்படியே நிக்குது. அருவருப்பு இல்ல. சத்தியமா இல்ல. இந்தக் கையை வெச்சுக்கிட்டு உன்னை எப்படித் தொடுறதுன்னுதான்."

 முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல ஒரு வருஷமாக மறைத்ததைக் கடைசியில் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தபாலம்மா காஜா அக்காவின் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அழவில்லை. முகம் கறுத்திருந்தது.

"உங்களை ஓங்கி ஒண்ணு வைக்கணும் போல இருக்கு."

"வை."

"கை அவ்வளவு தூரம் தூக்க வரலையே. இடது கைக்காரி இல்லியா நான்."

 அவள் கேட்டாள்:

"விரல்ல தட்டுச்சுன்னு சொன்னீங்களே. அன்னைக்கு நான் உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கவனிச்சீங்களா?"

"இல்ல."

"முதல் தடவை அந்தச் சட்டை இறுக்கமே இல்லைங்க."

டெய்லருக்குப் புரியவில்லை.

"குளிக்கும்போது கையில ஏதோ கட்டி மாதிரி தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட போகப் பயம். போனா ஏதாச்சும் சொல்லிடுவாங்களே. உங்ககிட்ட வாயால சொல்லவும் பயம். சொல்லிட்டா அது நிஜமாயிடும். அதனால சட்டை பிடிக்குதுன்னு வந்தேன். நீங்க அளவெடுக்கும்போது உங்க கைக்குத் தெரியட்டும்னு. ஒரு நூல் வித்தியாசம் இருந்தா கண்டுபிடிக்கிற கை ஆச்சே. நீங்க அரை இஞ்சு எடுத்துவிட்டுட்டு 'இப்ப போட்டுப் பாரு'ன்னீங்க. சரி, இவர் கைக்கே ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன். மூணு தடவையும் அப்படியே. டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதை டெய்லர்கிட்ட காட்டிட்டு, தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப என் கையை நம்பித்தான்..."

"ஆமாம்," என்றாள். அவருக்காக அதைக் குறைத்துச் சொல்ல அவள் முயலவில்லை. "உங்க தலையில கட்டிவிட்டுட்டேனேன்னு எனக்கு வேற உறுத்தல். நீங்க தனியாப் போய்ப் படுத்ததும், இவருக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சு, இவளே கேடு தேடிக்கிட்டான்னு வெறுத்துட்டார்னுகூட நெனச்சேன்."

ஆறுதலாக இருக்கும் என்று பார்த்தால் டெய்லருக்கு அது பெரிய பாறாங்கல்லாக வந்து இறங்கிற்று. அவள் மூன்று தடவை வந்து கேட்டிருக்கிறாள். மூன்று தடவையும் அவர் கை ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. அவர் மேசையை விட்டு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். மன்னிச்சிடு என்றார். அவள், எனக்கு இப்ப மன்னிக்க வரலை, கோவம்தான் வருது, ஆனா நீங்க எழுந்திருங்க, துணியெல்லாம் தரையில பட்டு அழுக்காகுது என்றாள்.

அவளே முதலில் எழுந்தாள். கதவைச் சாத்திவிட்டு, போட்டிருந்த சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினாள்.

"அளவு எடுங்க."

"இப்பவா?"

"இப்பவேதான். மூணாவது தெருவுக்கெல்லாம் நான் போக மாட்டேன்."

டெய்லர் குழாயடியில் கையைக் கழுவினார். இஸ்திரிப் பெட்டியின் ஓரமாகக் காட்டி விரல்களைச் சூடு பண்ணிக்கொண்டார். கழுத்திலிருந்து டேப்பை எடுத்து முதலில் தோளை அளந்தார், பிறகு முதுகை, கை நீளத்தை. வலது பக்கம் பதினாறு. எல்லாவற்றையும் அவர் சொல்ல, அவளே நோட்டில் எழுதினாள். இடது பக்கம் வந்ததும் அவர் நின்றார்.

"எடுங்க," என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் அவளைத் தொட்டார். மார்பின் குறுக்கே ஓடிய தழும்பு வழுவழுப்பாகவும் குளிர்ந்தும் இருந்தது. அவர் பயந்த மாதிரி ஒன்றுமில்லை, அவளுடைய தோல்தான். அதன் வழியாக டேப்பை அக்குள் பக்கம் கொண்டுபோனார். தழும்பு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, அதே நடுவிரலின் நுனியில், கெட்டியாக ஒன்று தட்டியது. பட்டாணி அளவு இருக்கும்.

பழக்கத்தில் அவருடைய மனம் உடனே கணக்குப் போட்டது. கால் இஞ்சு கூட்டி வெட்டினால் உறுத்தாது. மெல்லிய துணியை உள்ளே கொடுத்தால் இன்னும் நல்லது. அப்படி ஒரு யோசனை வந்ததற்காகவே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல அவருக்கு இருந்தது. விரலை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"இங்க ஒரு கட்டி இருக்கு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்," என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"செவ்வாய்க்கிழமை காலையில குளிக்கும்போது பார்த்தேன். தலையைக்கூடத் துவட்டி முடிக்கலை. துணியை எடுத்துக்கிட்டு நேரா உங்ககிட்டதான் வந்தேன்."

மெஷினை நிறுத்தாமல் தான் சொன்ன பதில் டெய்லருக்கு வார்த்தை வார்த்தையாக நினைவு வந்தது. நாலு நாள். தன் குற்றத்தை நினைத்து நினைத்து உருகிக்கொண்டிருந்த நேரத்திலேயே, அதே குற்றத்தை இன்னொரு தடவை செய்திருக்கிறார். உருகுவதிலும் ஒரு சுகம் இருந்திருக்கிறது போல; அது அவளைப் பார்க்க விடவில்லை. 

"வாயால சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருக்கலாம். வரலை. ஒரு வருஷம் பட்டும் புத்தி வரலை பாருங்க." இப்போதுதான் அவள் அழுதாள்.

"இனிமே சட்டைன்னு வந்து நிக்காதே. கட்டின்னா கட்டின்னு சொல்லு."

"நீங்களும் கையில தட்டினா வாயைத் திறந்து சொல்லணும்."

"சொல்லிட்டேன்ல."

"சொன்னீங்க," என்று ஒப்புக்கொண்டாள்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அதிர்ஷ்டவசமாக அந்த நர்ஸம்மாவே எடுத்தார். தழும்பு இறுகினதாகவும் இருக்கலாம், நீர் கோத்ததாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். டாக்டர் ஐந்து மணிவரை இருப்பார், உடனே கிளம்பி வாருங்கள் என்றார். "எப்ப சார் கவனிச்சீங்க?"

"அவ செவ்வாய்க்கிழமையே பார்த்துட்டா சிஸ்டர்," என்றார் டெய்லர். "அன்னைக்கே என்கிட்ட வந்தா. நான்தான் வேலை இருக்குன்னு அனுப்பிட்டேன். இதுக்கு முன்னாடியும் மூணு தடவை அப்படி அனுப்பியிருக்கேன்."



"அதை நேர்ல வந்து சொல்லுங்க சார். அவங்களை உள்ள அனுப்பிட்டு நாம உட்கார்ந்து பேசலாம்," என்றார் நர்ஸம்மா.

தபாலம்மா பொத்தானைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட் பையை எடுத்து வந்தாள். கதவைத் திறந்தால் காஜா அக்கா கையில் டீயோடு வாசல் சாரலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, டீயில் பாதி மழைத் தண்ணீர். கேள்வி எதுவும் கேட்காமல் குடையை நீட்டினார். "கடையை நான் பார்த்துக்கிறேன். போயிட்டு வாங்க," என்றார்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்றார்கள். தெருமுனையில் பஸ் திரும்புவது தெரிந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்:

"பயமா இருக்குங்க."

ஒண்ணும் இருக்காது என்று டெய்லருக்கு வாய் வரை வந்துவிட்டது. ஒரு வருஷமாக அவள் எப்போது இதைச் சொன்னாலும் அவர் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்.

"எனக்கும் ரொம்பப் பயமா இருக்கு," என்றார்.

அவள் திரும்பி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"அப்பாடா," என்றாள். "இத்தனை நாளா எனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."